பன்னிரண்டு அங்குல நாய்க்கு எத்தனை சதுர அடி வேண்டும்?

கிராமபோன் குழாயின் முன்னால் தலையைச் சற்றே சாய்த்து உட்கார்ந்திருக்கும் அந்த வெள்ளை நாயை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எச்.எம்.வி. இசைத்தட்டில் சுற்றிச் சுற்றி வந்த அந்த நாயின் பெயர் நிப்பர். 1884-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்த கலப்பின டெரியர். ஜாக் ரஸ்ஸல் என்பார்கள் சிலர், ஃபாக்ஸ் டெரியர் என்பார்கள் சிலர். வீட்டுக்கு வருகிறவர்களின் காலைப் பின்னாலிருந்து கவ்வும் பழக்கத்தால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. நிப்பர் இறந்த பிறகு ஓவியர் பிரான்சிஸ் பராட் வரைந்த படத்தில் அது அசையாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறது. உலகமெங்கும் கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போன அந்தப் படத்தைப் பார்த்து யாராவது, ‘எவ்வளவு சாதுவான நாய்!’ என்று நினைத்திருந்தால், ஒரு ஜாக் ரஸ்ஸலோடு ஒரு மாலை இருந்து பார்க்க வேண்டும்.

இப்போது அந்த ஜாக் ரஸ்ஸல் சென்னை அபார்ட்மென்ட்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. வேளச்சேரி, பெரும்பாக்கம், போரூர் என்று வாக்கிங் போகிற இடங்களில் லாப்ரடார், ஷிட்சூ, பீகிள் கூட்டத்துக்கு நடுவே வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டோடு ஒரு குட்டி உருவம் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. வாங்குகிறவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: “எங்களுது ஃபிளாட். பெரிய நாய் வெக்க முடியாது. இது சின்னதுதானே?”

சின்னதுதான். சர்வதேச நாய் இனக் கூட்டமைப்பின் வரையறைப்படி ஜாக் ரஸ்ஸல் டெரியரின் உயரம் தோள்பட்டை வரை 25 முதல் 30 சென்டிமீட்டர். எடை ஐந்தாறு கிலோ. கைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்று தோன்றும். ஆனால், ஃபிளாட்டுக்கு ஒத்துவருமா என்ற கேள்விக்கான விடை இந்த அளவுகளுக்குள் இல்லை.

870 சதுர அடியில் மிளகு

மடிப்பாக்கத்தில் நான் பார்த்த வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது. இரண்டு படுக்கையறை, 870 சதுர அடி. நாயின் பெயர் மிளகு. கணவன், மனைவி இருவருக்கும் ஓ.எம்.ஆரில் வேலை. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப இரவு ஏழு, ஏழரை. குட்டியாக வந்த மிளகு ஆறாவது மாதத்திலேயே வீட்டைத் தன் போக்கில் மாற்றியமைக்கத் தொடங்கியது. சோபாவின் ஒரு முனையைத் தோண்டிப் பஞ்சை ஹால் முழுக்கப் பரப்பியது. பாத்ரூமில் தண்ணீர் போகும் ஓட்டையின் ஜாலியைப் பிடுங்கிப் போட்டது. லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் குரைக்கும், எதிர்வீட்டு காலிங்பெல் அடித்தால் குரைக்கும், ஏ.சி. வெளிப்பெட்டிமேல் காக்கை உட்கார்ந்தால், அது பறக்கிற வரை விடாமல் குரைக்கும். அசோசியேஷனிலிருந்து இரண்டு முறை கடிதம் வந்தது. நாயை யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று முடிவெடுக்கிற கட்டத்தில்தான், ஐ.சி.எஃப்-ல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமனார் அவர்களோடு வந்து தங்கினார்.

நான் போனது சாயங்காலம் ஐந்து மணிக்கு. பெரியவர் ஒரு பழைய பூத்துண்டைத் தரையில் விரித்தார். வேகவைத்த கோழியைச் சுண்டுவிரல் நுனி அளவுக்குப் பிய்த்து அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்தார். துண்டைச் சுருட்டினார், அதன்மேல் இன்னொரு துண்டைச் சுருட்டினார், கடைசியில் ஒரு முடிச்சும் போட்டார். மிளகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்று சொல்வதே சரியில்லை. பின்னங்கால் மட்டும்தான் தரையில் இருந்தது. தொடைச் சதை துடிப்பதும், மூக்கின் நுனி விரிந்து சுருங்குவதும் தெரிந்தது. வாலின் நுனி மட்டும் வேகமாக நடுங்கியது. “தேடு” என்றார். அடுத்த கணம் மூக்கு துண்டுக்குள். முன்னங்கால் இரண்டாலும் அமுக்கிக்கொண்டு, பல்லால் முடிச்சின் ஒரு காதைப் பிடித்து இழுத்தது. வராதபோது நிறுத்தியது. மறுபக்கம் போய் மோந்தது. முடிச்சின் இன்னொரு காதைப் பிடித்தது. ஒவ்வொரு மடிப்பாக மூக்கை விட்டு, ஒரு துணுக்கும் மிச்சமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஃபேனுக்கு நேர் கீழே போய்ப் பொத்தென்று விழுந்தது. அந்த நேரத்தில் லிஃப்ட் கதவு திறந்தது. ஒரு காதை மட்டும் தூக்கிவிட்டுத் திரும்பத் தொங்கப்போட்டது.

“இது வீட்டு நாய் இல்ல சார், ட்யூட்டி பாக்கற ஆளு. நாம வேல குடுக்கலேன்னா அதுவா ஒரு வேலைய எடுத்துக்கும். அது எடுத்துக்கற வேலை நமக்குப் பிடிக்காது” என்றார் பெரியவர்.

அதே 870 சதுர அடி, அதே நாய், அதே லிஃப்ட். சோபாவும் அதேதான், முனையில் மட்டும் புது உறை. மாறியது ஒன்றுதான்: பகலில் ஒரு மனிதரின் நேரம் அந்த நாய்க்குக் கிடைத்தது.

பாதிரியாரின் நாய்

மிளகின் சேட்டை ஒவ்வொன்றுக்கும் இருநூறு வருடப் பின்னணி இருக்கிறது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 1795-ல் பிறந்த ஜான் ரஸ்ஸல் பின்னாளில் பாதிரியார் ஆனவர். குதிரையேறி நரி வேட்டைக்குப் போவதில் தீராத மோகம் கொண்டவர். 1819-ல் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கிராமத்தில் ஒரு பால்காரரிடம் இருந்த டிரம்ப் என்ற பெட்டை டெரியரைப் பார்த்த மாத்திரத்தில் விலைபேசி வாங்கினார் என்பது நாய் வளர்ப்பு வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. அவர் வளர்த்த வழியில் வந்த நாய்களுக்குத்தான் பின்னால் அவர் பெயரே நிலைத்தது.

அந்த நாய்களுக்கு இருந்த வேலை தெளிவானது. பெரிய வேட்டை நாய்க் கூட்டம் நரியைத் துரத்தும். நரி தப்பித்து வளைக்குள் புகுந்துவிடும். பெரிய நாய் அதற்குள் நுழைய முடியாது. அப்போது டெரியரை வளைக்குள் விடுவார்கள். நரியைக் கொல்வது அதன் வேலையில்லை. இருட்டில், மண்ணுக்கடியில், தன்னைவிடக் கூர்மையான பல்லுள்ள ஒரு விலங்குக்கு எதிரே நின்று, அது வெளியே ஓடும் வரை குரைக்க வேண்டும். நரி வெளியே வரவில்லையென்றால் மேலே மண்வெட்டியோடு நிற்கிறவர்கள் அந்தக் குரைப்புச் சத்தத்தை வைத்துத்தான் எங்கே தோண்டுவது என்று கண்டுபிடிப்பார்கள். குரைப்பதை நிறுத்திவிட்ட டெரியர் வேட்டைக்காரனுக்குப் பயன்படாது.

வளைக்குள் நுழைய ஏதுவாக மார்பு குறுகலாக இருக்க வேண்டும். இன்றும் நல்ல ஜாக் ரஸ்ஸலை எடை போடுகிறவர்கள் முன்னங்காலுக்குப் பின்னால் இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, விரல்கள் தொடுகின்றனவா என்று பார்ப்பார்கள். உடம்பு வெள்ளையாக இருந்தால் வளையிலிருந்து வெளிவருவது நரியா, நாயா என்று குழம்ப வேண்டியதில்லை. வளைக்குள் எஜமானனின் உத்தரவு கேட்காது. அதனால் தானாக முடிவெடுக்கிற நாயைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். கூப்பிட்டால் வராத பிடிவாதம் என்று நாம் நொந்துகொள்கிற குணம், அவர்கள் காசு கொடுத்துத் தேடிய குணம்.

இதை அப்படியே இரண்டாவது மாடிக்குக் கொண்டுவந்து பாருங்கள். மூடிய கதவுக்குப் பின்னால் ஏதோ நடமாடுகிறது என்றால் குரைக்க வேண்டும் என்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது; லிஃப்ட் சத்தம் அதற்கு வளைக்குள் கேட்கிற அரவம். மெத்தென்று ஏதாவது கிடைத்தால் தோண்ட வேண்டும், சோபா கிடைத்தது. கைப்பிடிச் சுவரில் அணில் ஓடினால் யோசனையில்லாமல் பாய வேண்டும். ஆனால் அந்தப் பக்கம் இருப்பது இருபது அடிப் பள்ளம். தன் உயரத்தைப் போலப் பல மடங்கு தாவக்கூடிய நாய் இது. பால்கனியில் புறாவுக்காகக் கட்டிய நைலான் வலையை நம்பி இதை விடக்கூடாது. அந்தப் பல்லுக்கு முன்னால் வலை நிற்காது. இரும்புக் கம்பி கிரில்லே போட்டிருந்தாலும், தலை நுழையும் இடைவெளி இருந்தால் உடம்பும் நுழையும். பால்கனி உள்ள வீடு என்றால் முதல் செலவு நாய்க்குட்டிக்கு அல்ல, அந்தக் கிரில்லுக்குத்தான்.

அளவுகோலில் விழாதது

சிறிய நாய் என்றால் ஃபிளாட்டுக்குச் சரி என்ற கணக்கை ஓர் அரசாங்கமே சட்டமாக வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் நம் தமிழ்க் குடும்பங்கள் உட்படப் பெரும்பான்மையோர் வாழ்வது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில். அங்கே வீட்டுக்கு ஒரு நாய்தான். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களின் பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஜாக் ரஸ்ஸலுக்கு இடமுண்டு. பீகிளுக்கு இல்லை. பந்தய நாயான கிரேஹவுண்டுக்கும் இல்லை.

கிரேஹவுண்ட் உயரமான நாய். ஆனால், அதோடு வாழ்ந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். கொஞ்ச நேரம் காற்றாய்ப் பறக்கும், பிறகு நாளெல்லாம் சோபாவில் கால் நீட்டித் தூங்கும், குரைப்பது அபூர்வம். ஓய்வுபெற்ற பந்தய நாய்களை மேலை நாடுகளில் ஃபிளாட்வாசிகள் விரும்பித் தத்தெடுப்பது அதனால்தான். உயரத்தையும் எடையையும் அளந்து சட்டம் போடுவது அரசாங்கத்துக்கு வசதி, ஒரு டேப்பும் தராசும் போதும். ஒரு நாய் எத்தனை மணி நேரம் சும்மா இருக்கும் என்பதை எந்த டேப்பும் அளக்காது. வாங்குகிற நாமும் அரசாங்கத்தைப் போலவே அளந்தால் அது தவறு.

திரையிலிருந்து இரண்டு உதாரணங்கள். 2011-ல் வந்த ‘தி ஆர்ட்டிஸ்ட்’ படத்தில் நாயகனோடு படம் முழுக்க வரும் ஜாக் ரஸ்ஸல், அக்கி. உலகமே கொண்டாடிய அந்த நாயை, அடக்க முடியாத துடுக்கு என்று முதலில் வளர்த்தவர்கள் வைத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். காப்பகத்துக்குப் போகவிருந்ததைப் பயிற்சியாளர் ஒருவர் எடுத்து வளர்த்தார். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘ஃப்ரேசியர்’-ல் எட்டியாக நடித்த மூஸ் கதையும் ஏறக்குறைய இதேதான். தோண்டுகிறது, கடிக்கிறது, ஓடிப்போகிறது என்று முதல் வீட்டார் கைவிட்ட நாய். இரண்டுக்கும் பிறகு கிடைத்தது பெரிய பங்களா அல்ல. தினமும் பல மணி நேரம் அவற்றின் மூளைக்கு வேலை கொடுக்கிற மனிதர்கள் கிடைத்தார்கள். வேண்டாம் என்று தள்ளிய அந்தத் துடுக்கைத்தான் கேமரா பிறகு படம் பிடித்தது.

மிளகின் நாள்

மடிப்பாக்கத்துப் பெரியவரின் கால அட்டவணையை விரிவாகவே சொல்கிறேன். இந்த இனத்தை ஃபிளாட்டில் வளர்ப்பது என்றால் நடைமுறையில் என்ன என்பது அதில் தெரியும்.

காலை ஐந்தரைக்கு முதல் நடை. சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்கெல்லாம் சென்னையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்தாக வேண்டும். தார்ச்சாலையில் புறங்கையைச் சில நொடி வைத்துப் பாருங்கள். நம்மால் தாங்க முடியவில்லையென்றால் அதன் பாதத்தாலும் முடியாது. அந்த நடையிலும் வேகமாக ஒரு சுற்று போய்விட்டு வருவது பெரியவரின் வழக்கமில்லை. ஒவ்வொரு கம்பத்தடியிலும், ஒவ்வொரு செடியிலும் அது மோந்து முடிக்கிற வரை நிற்கிறார். “நம்மாளு பேப்பர் படிக்குது, நடுவுல பிடுங்கக் கூடாது” என்கிறார். மோப்பம் பிடிப்பது நாயின் மூளைக்குப் பெரிய உழைப்பு. இழுத்துக்கொண்டு ஓடுகிற அரைமணி நேரத்தைவிட, மோந்துகொண்டே நடக்கிற அரைமணி நேரம் இதை நன்றாகக் களைப்பாக்கும்.

கயிற்றைக் கழற்றுவதே இல்லை. பூனையோ அணிலோ குறுக்கே போனால் இது சாலையைப் பார்க்காது. கழுத்துப் பட்டையில் இழுத்தால் குரல்வளை அமுங்கும் என்பதால் மார்பைச் சுற்றும் ஹார்னஸ். தெருவைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம். நம் ஊரில் ஒவ்வொரு தெருவுக்கும் சொந்தமாக நாலு நாய் உண்டு. மற்றச் சிறிய நாய்கள் பெரிய நாயைக் கண்டால் எஜமானன் காலுக்குள் புகுந்துகொள்ளும். ஜாக் ரஸ்ஸல் எதிர்த்துப் போகும். நரிக்கு முன் நின்றதன் வாரிசுக்குத் தன் உருவம் ஒரு பொருட்டில்லை. கடிபட்டு மருத்துவமனைக்கு வருவதும் இப்படித்தான்.

காலைச் சாப்பாடு தட்டில் கிடையாது. பாதியைத் தேங்காய் நார் மிதியடியில் தூவிவிடுகிறார். மீதியைப் பழைய அட்டைப் பெட்டிக்குள் கசக்கிய செய்தித்தாளோடு சேர்த்து அடைத்துவிடுகிறார். பெட்டியைக் கிழித்துத் தின்கிறது. வீடு குப்பையாகாதா என்று கேட்டேன். “பத்து நிமிஷம் பெருக்கற வேல. சோபாவக் கிழிச்சா பத்தாயிரம்” என்று பதில் வந்தது. பகலில் தூக்கம். மாலையில் துண்டு விளையாட்டு, பிறகு மொட்டை மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு பந்து. மாடியின் ஒரு மூலையில் மணல் நிரப்பிய பழைய பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. தோண்டுவது அங்கே மட்டும்தான் என்று பழக்கியிருக்கிறார்கள். இரவு ஒன்பதுக்கு இன்னொரு சிறிய நடை. கூட்டினால் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையவில்லை. மழை பெய்தாலும், வீட்டில் விருந்தாளி வந்தாலும் அதில் குறைப்பதில்லை.

காலிங்பெல் குரைப்பை நிறுத்திய விதமும் சொல்ல வேண்டும். ஒருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்திப் பெல்லை அடிக்கச் சொல்லி, அடித்த நொடியே மிளகு பாயில் போய் உட்கார்ந்தால் ஒரு துண்டு கோழி. முதலில் மெதுவாகக் கதவைத் தட்டுவதிலிருந்து ஆரம்பித்து, படிப்படியாகப் பெல் சத்தத்துக்குப் போனார்கள். பல வாரம் பிடித்தது. இப்போது பெல் அடித்தால் இரண்டு குரைப்பு, பிறகு பாய். அந்த இரண்டை விட்டுவிடலாம் என்பது பெரியவரின் கருத்து; எனக்கும் அது சரியாகப் படுகிறது. குரைத்தால் ஷாக் அடிக்கிற கழுத்துப்பட்டைகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை போதும்: வேண்டாம். வலியால் அடங்குகிற நாய் பயந்த நாய், பயந்த நாய் கடிக்கும்.

எதிர்வீட்டுக்காரர்

நாய் வைத்திருப்பவரின் உரிமையும் எதிர்வீட்டுக்காரரின் தூக்கமும் மோதுகிற இடம் அசோசியேஷன் கூட்டம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. பெரும்பான்மை ஓட்டெடுத்தாலும் அசோசியேஷன் வளர்ப்புப் பிராணிகளைத் தடைசெய்ய முடியாது. இந்த அளவு நாய்தான் வைக்கலாம் என்று சொல்ல முடியாது. லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்று மறுக்க முடியாது. குரைப்பதைக் காரணம் காட்டி வெளியேற்றவும் முடியாது. அதே வழிகாட்டுதல் நாயை வளர்ப்பவர்களுக்கும் சொல்கிறது: பொது இடத்தில் கயிற்றில் பிடியுங்கள், கழிவைச் சுத்தம் செய்யுங்கள், முக்கியமாக இரவில் குரைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பாதியை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வருகிறவர்களைப் பார்க்கிறேன். அது நியாயமில்லை. வீட்டில் ஆளில்லாத பத்து மணி நேரம் ஒரு டெரியர் குரைத்தால் அதைக் கேட்பது வளர்க்கிறவர் அல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவரும், பிள்ளைபெற்ற பெண்ணும்தான். நாய்க்குப் பயப்படுகிறவர்களின் பயமும் பொய்யில்லை. வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடியாது என்பது தெரிந்த ஒருவர், லிஃப்ட்டுக்குள் தாவுகிற ஒரு நாயைக் கண்டு ஒதுங்கினால் அவரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? அடுத்த லிஃப்ட்டுக்குக் காத்திருப்பது நம் கடமை. சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். அந்தச் சான்றின் நகல் ஒன்றை அசோசியேஷனிடம் கொடுத்துவைத்தால் பாதிச் சண்டை வராது.

கீழ்வீட்டுக்காரரின் பிரச்சினை வேறு. வழுவழு டைல்ஸில் நகம் படும் ‘டிக் டிக்’ சத்தமும், சோபாவிலிருந்து குதிக்கிற சத்தமும் அவருக்குத்தான் கேட்கும். ஹாலில் ரப்பர் பாய் விரித்தால் அவருக்கும் நிம்மதி, நாய்க்கும் நல்லது. வழுக்குகிற தரையில் ஓடித் திரும்புவது முழங்கால் சில்லுக்கு ஆகாது. சில்லு விலகுவது இந்த இனத்தில் அடிக்கடி பார்க்கிற கோளாறு.

உடம்பு

உடம்பைப் பொறுத்தவரை இது திடமான இனம். 2022-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், பார்க்கப்பட்ட இனங்களிலேயே அதிக ஆயுள் எதிர்பார்ப்பு ஜாக் ரஸ்ஸலுக்குத்தான்: 12.72 ஆண்டுகள். அதே ஆய்வில் பிரெஞ்சு புல்டாக்குக்கு 4.53. தட்டை மூக்கு நாய்கள் நம் வெயிலில் மூச்சுக்குத் திணறுகிற மாதிரி இது திணறாது. பரம்பரையாக வரக்கூடியவை சில உண்டு: கண் வில்லை இடம்பெயர்தல், காது கேளாமை, இடுப்பெலும்புக் கோளாறு. கண் திடீரென்று சிவந்து கலங்கினால் மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. வில்லைக் கோளாறு சில நாட்களிலேயே பார்வையைப் பறித்துவிடும்.

நம் ஊருக்கே உரிய ஆபத்து உண்ணியும் எலியும். பழுப்பு நாய் உண்ணி செடியில் மட்டும் இருப்பதில்லை. கட்டடச் சுவரின் விரிசல்களில் குடியிருந்து பெருகும். மூன்றாவது மாடி என்றாலும் தப்ப முடியாது. உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து நாய் சோர்ந்துபோவது சென்னைக் கால்நடை மருத்துவர்கள் வாரம் தவறாமல் பார்க்கிற காட்சி. மாதாமாதம் உண்ணி மருந்து தவறக் கூடாது. மிளகு வசிக்கும் கட்டடத்தின் கார் பார்க்கிங்கில், சாக்கடை மூடியின் ஓரத்தில் பெருச்சாளி வளை இருக்கிறது. தினமும் அந்த இடத்தில் கயிறு விறைக்கிறது. மிளகின் முதுகு முடி சிலிர்க்கிறது. பாதிரியார் இருந்தால் மகிழ்ந்திருப்பார். பெருச்சாளி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும் என்பதால் பெரியவர் இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். வெறிநோய்த் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் இந்த இனத்துக்குத் தவறவே கூடாது.

குட்டை முடி கொட்டாது என்பதும் ஒரு தவறான நம்பிக்கை. வருடம் முழுக்கக் கொட்டும், கறுப்பு பேன்ட்டில் குத்திக்கொண்டு நிற்கும்.

யாருக்கு, யாருக்கு வேண்டாம்

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். இருவரும் வேலைக்குப் போய், பகலில் ஆளில்லாத ஃபிளாட்டில் ஜாக் ரஸ்ஸல் வளர்க்கக் கூடாது. அந்த ஃபிளாட் 600 சதுர அடியோ, 2,000 சதுர அடியோ, இதுவே என் பதில். தோட்டத்தோடு கூடிய தனி வீடாக இருந்து, நாயைத் தோட்டத்தில் விட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்களுக்கும் அதே பதில்தான். அங்கே அது வேலிக்கு அடியில் தோண்டிக்கொண்டு போய்விடும். கைக்குழந்தை உள்ள வீடும் இரண்டு வருடம் காத்திருக்கட்டும். வாலைப் பிடித்து இழுத்தால் பொறுத்துக்கொள்கிற சுபாவம் இதற்கு இல்லை. வீட்டில் வெள்ளெலி, முயல், காதல் பறவை வளர்த்தால், தயவுசெய்து வேண்டாம்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற, ஓடுவதில் ஆர்வமுள்ள ஓர் இளைஞருக்கு இது அருமையான துணை. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட, நாய்க்கு வித்தை கற்றுக்கொடுப்பதில் சலிக்காத பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் சரி. இன்னும் கால் திடமாக இருக்கிற, காலையில் தானாகவே எழுந்துகொள்கிற ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அவர்களைக் கேட்காமல் வாங்கிக்கொடுத்துவிட்டு, “பாத்துக்கோங்கப்பா” என்று சொல்லிப் போகிற வழக்கம் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. எழுபது வயதில் மூட்டுவலியோடு ஒரு டெரியரைப் பிடித்து நடப்பது கீழே விழுவதற்கான வழி. மடிப்பாக்கத்துப் பெரியவர் தானாக முன்வந்தார். “மாமா இல்லேன்னா இந்நேரம் மிளகு வேற யார் வீட்லயோ இருந்திருக்கும்” என்று சொன்ன மருமகளின் குரல் கொஞ்சம் கம்மியது.

வாங்குவது என்று முடிவெடுத்தால், மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வெள்ளையில் பழுப்புத் திட்டுள்ள எந்தக் கலப்பினக் குட்டியையும் ஜாக் ரஸ்ஸல் என்று விற்பதும் நடக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப்பின் சான்றிதழ் இருந்தால் வம்சாவளி தெரியும், குணம் தெரியாது. குணத்துக்குத் தாய் நாய் ஓரளவு சாட்சி. அந்நியர் உள்ளே வந்ததும் வெறிபிடித்தாற்போல் குரைத்து அடங்காத தாயின் குட்டியை ஃபிளாட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னாலேயே ஓடியது. நாடு முழுக்கப் பக் குட்டிகளுக்குப் போட்டி போட்டார்கள். மூச்சுவிடச் சிரமப்படுகிற அந்த இனம் நம் வெயிலில் என்ன பாடு பட்டது என்பதைக் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஜாக் ரஸ்ஸலுக்கு உடம்பில் அவ்வளவு பிரச்சினை வராது, மனதில்தான் வரும். இன்ஸ்டாகிராமில் அது தாவித் தாவிப் பந்து பிடிக்கிற முப்பது விநாடியைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு, மீதி நாள் முழுக்க அது அதே வேகத்தில் இருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஏழெட்டு மாதத்தில், பருவம் எய்துகிற நேரத்தில், இந்த நாய்கள் கைமாறத் தொடங்குகின்றன. பிராணிகள் காப்பகத்திலோ, தத்து கேட்டு வருகிற வாட்ஸ்அப் செய்திகளிலோ ‘ஜாக் ரஸ்ஸல், ஒரு வயது, மிகவும் சுறுசுறுப்பு’ என்று பார்த்தால், அதற்குப் பின்னால் ஒரு கிழிந்த சோபா இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

நேரமிருப்பவர்களுக்கு அந்த ஒரு வயது நாய்தான் என் சிபாரிசு. குட்டியில் ஊகிக்க வேண்டிய குணம் அதில் கண்ணெதிரே தெரியும். ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். அந்த வாரத்தில் லீவு போடாதீர்கள். வழக்கம்போல வேலைக்குப் போங்கள், வழக்கம்போலத் தாமதமாக வாருங்கள். ஹாலில் ஒரு பழைய செல்போனைக் குரல் பதிவில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். வந்து கேட்டுப் பாருங்கள். பகல் முழுக்க எத்தனை முறை, எவ்வளவு நேரம் குரைத்தது என்பது அதில் இருக்கும். அதை எதிர்வீட்டுக்காரரிடமும் போட்டுக் காட்டி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுப் பிறகு உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள்.